ராஜாவுக்குத் தெரியாதா?

மந்திரியைக் கூப்பிட்டு, ‘மாதம் மும்மாரி பொழிகிறதா?’ என்று கேட்காத ராஜாவை நம்ம ஊர் நாடகத்தில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் அது சாதாரண கேள்வியாகத்தான் தெரிந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் மழையைக்கூட இன்னொருத்தரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

சேலத்திலிருந்து மஞ்சவாடி கணவாயைத் தாண்டினால் பாப்பிரெட்டிப்பட்டி. அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து. கடைசி ராத்திரி, பதினெட்டாம் போர். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் கிரீடமும் புஜக்கட்டைகளுமாக துரியோதனன் நிற்கிறான். கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்து, “வாணியாறு டேமே வத்திக் கெடக்குது, ராசா மும்மாரி கேக்கறாரு” என்றான். ஒரே சிரிப்பு. அந்த ராஜாவும் பதில் சொல்லித்தான் தப்பிக்க வேண்டியிருந்தது.

பக்கத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “துரியோதனன் மேல உங்களுக்குக் கோபமே வரலையா, ஐயா?”

“கெட்டவந்தாம்ப்பா. ஆனா எனக்குத் தெரியாம நடந்துபோச்சுன்னு அவன் ஒருநாளும் சொல்லலையே” என்றார்.

தூக்கம் போய்விட்டது எனக்கு.

யோசித்துப் பாருங்கள். சபையில் திரௌபதியை இழுத்து வந்தபோது சிம்மாசனத்தில் இருந்தது துரியோதனன் இல்லை, திருதராஷ்டிரன். கண் தெரியாதவர், பாவம் என்று நாம் விட்டுவிடுகிறோம். வியாசர் விடவில்லை. சூதாட்டம் நடக்கும்போது ‘ஜெயித்தாயிற்றா, ஜெயித்தாயிற்றா’ என்று அந்தக் கிழவர் ஆசையோடு கேட்டுக்கொண்டே இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். கண்தான் இல்லை, காது இருந்தது.

அதே வியாசரின் துஷ்யந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். சகுந்தலை குழந்தையோடு வந்து நிற்கிறாள். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இருந்தும் ‘நீ யார்?’ என்கிறான். அசரீரி வந்து சாட்சி சொன்ன பிறகுதான், ஊர் சந்தேகப்படுமே என்று அப்படிச் சொன்னேன் என்கிறான். இது மகாபாரதம். அரசவையில் வளர்ந்த சமஸ்கிருத நாடகத்துக்கு இது சரிப்படாதே! காளிதாசன் ஒரு துர்வாசரைக் கொண்டுவந்து சாபம் போட வைத்தான், ஒரு மோதிரத்தை மீனின் வயிற்றுக்குள் தள்ளினான். முடிந்தது. ராஜா பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். அற்புதமான நாடகம்தான். ஆனால், அந்தச் சாபம் சகுந்தலைக்குக் கஷ்டம், ராஜாவுக்கு வசதி.

ஷேக்ஸ்பியரும் இதில் சளைத்தவர் இல்லை. மெக்பெத் கதையை அவர் எடுத்த ஹோலின்ஷெட்டின் சரித்திரத்தில், ராஜாவைக் கொன்றதில் பாங்கோவுக்கும் பங்கு உண்டு. நாடகத்தில் அவன் பரிசுத்தமானவன். காரணம் சிம்பிள். அப்போது இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ், பாங்கோ எங்கள் மூதாதை என்று சொல்லிக்கொண்டவர்.

இப்போது மதுரைக்கு வாருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. பொய் சொன்னது பொற்கொல்லன், வெட்டியது காவலாளி. இவன் ஊடலில் இருந்த ராணியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் விசாரிக்காமல் உத்தரவு போட்டவன், அவ்வளவுதான். ஆனால், கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் பொற்கொல்லனைத் தேடவில்லை. தானே கள்வன் என்று சொல்லி, சிம்மாசனத்திலேயே செத்துப்போகிறான். கையெழுத்துப் போட்டவன்தான் பொறுப்பு என்று எனக்கு பி.காம். வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். கணக்கில் அது சுலபம். உயிர்ப் பிரச்னையில் எத்தனை பேருக்கு அந்தத் தெம்பு வரும்?

பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் பக்கத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் போனார்கள். வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது அன்றைய அரசுத் தரப்பு. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பு வந்தபோது, குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி.

அந்த 215 பேரும் காவலாளிகள் என்று வைத்துக்கொண்டால், பாண்டியன் எங்கே? 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது அதையும் தொட்டது. சம்பவம் நடந்தபோது இருந்த கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நிஜக் கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்ற அதிகாரிகள் ஆடிய பெரிய மேடை நாடகம் என்றது அந்தத் தீர்ப்பு. நாடகம் என்ற வார்த்தையை நான் சேர்க்கவில்லை, நீதிபதியே சொன்னது. அதில் பாண்டியன் வேஷம் கட்ட யாரும் முன்வரவில்லை என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். 31 வருஷம் அந்தப் பெண்கள் கோர்ட் படி ஏறி இறங்கியிருக்கிறார்கள். கண்ணகிக்கு ஒரே நாளில் வேலை முடிந்தது.

‘அப்படியானால் ஒவ்வொரு கீழ்மட்ட ஆளின் தப்புக்கும் மேலே இருப்பவர் சாக வேண்டுமா, சார்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேண்டாம். ஆனால், தெரியாமல் போவதற்கும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. ‘ஜெயித்தாயிற்றா?’ என்று கேட்டவர் அதைத் தாண்டியவர். விசாரிக்காமல் உத்தரவு போட்ட பாண்டியனும் தாண்டியவன்தான். தாண்டினேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். வித்தியாசம் அதில் மட்டும்தான்.

விடிந்தது. மைதானத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருந்தான், ஒரு லாரி நீளத்துக்கு. பீமன் தொடையில் அடித்தான். திரௌபதி கூந்தல் முடித்தாள். காந்தாரி வேஷக்காரர் வைத்த ஒப்பாரிக்கு நிஜமாகவே சில பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அப்புறம் கூட்டம் அந்த மண் உடம்பின் மேல் பாய்ந்தது. என் பெரியவரும் ஒரு பிடி அள்ளித் துண்டில் முடிந்துகொண்டார்.

“கெட்டவன் மண்ணு எதுக்கு ஐயா?”

“மாட்டுப் பட்டியில போடத்தான்” என்றவர், “நேரமாச்சு, பால் பீய்ச்சணும்” என்று கிளம்பிவிட்டார்.