இட்லிக்குள் ஒரு பொய்

எங்கள் வீட்டு மணி எதையும் மோந்து பார்த்துத் தின்கிற நாயாக இருந்ததில்லை. என் கையிலிருந்து விழுவது எதுவானாலும் தரையைத் தொடுமுன் அதன் வாய்க்குள் போய்விடும். பதினோரு வருஷத்துப் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

புளியங்குடி மலையடிவாரத்து ஊர். மார்கழி விடியற்காலையில் கிழவர்களுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். கிழ நாய்க்கும் அப்படியே. மணி பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. படியேறும்போது முனகியது. எதிர்வீட்டுப் பெரியவர் எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். "சங்கரன்கோவில் புற்றுமண் இருக்கு தம்பி, குழைச்சுப் பூசிப் பாருங்க" என்றார். இன்டர்மீடியட் வரை படித்தவன் அல்லவா நான்? உள்ளூறச் சிரித்துக்கொண்டேன். என் முழங்கால் வலிக்கு நான் விழுங்கும் ஐபுப்ரோஃபென் மேஜை அறையில் இருந்தது. எனக்கு நல்லது செய்வது மணிக்கு மட்டும் கெடுதல் செய்துவிடுமா என்ன? இட்லியைப் பிட்டு, நடுவே மாத்திரையைப் புதைத்து, மேலே நெய் தடவிக் கொடுத்தேன். மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் வாந்தியில் ரத்தம் வந்தது. மலம் தார் போலக் கறுத்திருந்தது.

புற்றுமண்ணால் வலி தீர்ந்திருக்குமோ என்னவோ, வயிறு புண்ணாகியிருக்காது.

கால்நடை மருத்துவர் என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வலியை உண்டாக்கும் பொருள் உடம்பில் ஊறாமல் தடுக்கிற அந்த மாத்திரை, வயிற்றின் உட்சுவரைக் காக்கிற பொருளையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறதாம். நாயின் உடம்பிலிருந்து அது எளிதில் வெளியேறுவதுமில்லை. மனிதனுக்கு அளவான மருந்து நாய்க்கு விஷமாகிவிடும். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்" என்றார். கேட்டிருக்கலாம். மணியைக் கேட்க முடியாது என்பதற்காக வேறு யாரையுமே கேட்காமல் இருந்துவிட்டேன்.

இரக்கம் இப்படித் தடம் புரள்வது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மாடுகளின் வலி தீரட்டும் என்று நம் நாட்டில் டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள். அந்த மாடுகள் செத்த பிறகு அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் 2004-இல்தான் வெளியாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன. மாட்டுக்கு மருந்து கொடுத்தவர் எவரும் கழுகைக் கொல்ல நினைத்தவர் அல்லர்.

ஆனால் என்னை உறுத்துவது அறியாமை மட்டுமல்ல, அந்த இட்லி. பிளேட்டோ பொய்யை மருந்துக்கு ஒப்பிட்டார். வைத்தியரைப் போன்றவர் கையில்தான் அது இருக்க வேண்டும் என்றார். நான் மருந்தையே பொய்யாக்கினேன், வைத்தியனாக இல்லாமலே. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் வரிசையில் சேரும் என்று வள்ளுவர் இடம் கொடுக்கிறார். நன்மைதான் விளையும் என்று எனக்கு யார் சொன்னது? கான்ட் என்ற ஜெர்மன் தத்துவாசிரியர் பொல்லாதவர். துரத்தி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797-இல் எழுதினார். அவரே, மிருகங்களுக்கென்று நேரான கடமை நமக்கு ஏதுமில்லை என்றும் கருதியவர். ஆகவே கான்ட் என்னை விடுதலை செய்துவிடுவார். மணி செய்யவில்லை.

என் தகப்பனாரின் கடைசி மாதங்களில், "சத்து மாத்திரை அப்பா" என்று சொல்லித்தான் மருந்து கொடுத்து வந்தேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விழுங்குவார். நம்பித்தான் விழுங்கினார் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மகன் சிரமப்பட்டுச் சொல்கிற பொய்யைக் கெடுப்பானேன் என்று விழுங்கியிருக்கிறார். பொய்யைத் தெரிந்து ஏற்றுக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மைக்கு மனிதனிடம் இடம் இருக்கிறது. நாயிடம் அதற்கு வழியே இல்லை. அது என் கையை நம்புகிறது, அல்லது நம்பவில்லை.

புண் ஆறுவதற்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டுமாம். இட்லிக்கு வேலை இல்லாமற் போயிற்று. எப்படிக் கொடுப்பது என்று அவரே செய்து காட்டினார். ஒரு கையால் மேல்தாடையைக் கோரைப் பல்லுக்குப் பின்னால் பிடித்துத் தலையைச் சற்று நிமிர்த்த வேண்டும். மறு கையால் கீழ்த்தாடையை இறக்கி, மாத்திரையை நாக்கின் அடியில் அல்ல, நாக்கின்மேல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். உடனே வாயை மூடித் தொண்டையைத் தடவ, விழுங்கிவிடும். பிறகு கொஞ்சம் தண்ணீர்.

முதல் நாள் என் கை நடுங்கிற்று. கடித்தால் நியாயம்தான் என்றிருந்தேன். மணி திமிறியது; பிடியை விடவில்லை. வாயைப் பிளந்து கசப்பைப் போடுகிறேன் என்பது அதற்கு நன்றாகத் தெரியும், நானும் மறைக்கவில்லை. விழுங்கிவிட்டு உதறிக்கொண்டு போய்த் திண்ணை மூலையில் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாத்திரை டப்பாவின் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் ஒளிந்தது. ஐந்தாம் நாள் ஒளியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தபடியே தாடையைக் கொடுத்தது.

இப்போது தேறிவிட்டது. காலை இழுப்பது கொஞ்சம் இருக்கிறது. அதற்கு நாய்க்கென்றே உள்ள மருந்தை, வாயைத் திறந்துதான் கொடுக்கிறேன். ஆனால் நான் இட்லி போட்டால் முதலில் மோந்து பார்க்கிறது. என் மனைவி போட்டால் பார்ப்பதில்லை.