பந்தயத் தொகையும் நியாயமும்

சூதின் நியாயம் பற்றிய ஐயங்கள் பழமையானவை. பாரதக் கதையிலே தருமன் தோற்றமைக்குச் சகுனியின் காய்களே காரணம் என்று கூறுவோர் பலர். ஒவ்வொரு தோல்வியின் பின்னரும் அவன் பணயத்தை உயர்த்திக்கொண்டே சென்றமையை எண்ணிப்பார்ப்போர் சிலர். இக்காலத்து இணையவழிச் சூதாட்டப் பொறிகள் குறித்தும் இதனையொத்த முறைப்பாடு ஒன்று கேட்கப்படுகின்றது. 'ஸ்லொட்' எனப்படும் இப்பொறிகளில் சிறுதொகை வைத்து ஆடும்போது பரிசு அடிக்கடி விழுகின்றது என்றும், தொகையைப் பலமடங்காக உயர்த்தியவுடன் பொறி கையை மூடிக்கொள்கின்றது என்றும் பெருந்தொகை வைத்து ஆடுவோர் குறைகூறுவர். இம்முறைப்பாடு உண்மைதானா என்பது ஒரு வினா. உண்மையன்று எனின், அப்பொறி அவர்களை நியாயமாக நடத்துகின்றது என்று கொள்ளலாமா என்பது வேறொரு வினா. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே குழப்பப்படுகின்றன.

முதல் வினாவுக்கு விடை காண்பது அத்துணைக் கடினமன்று. ஆடுபவர் விசையை அழுத்தும் கணத்திற் கணினி ஓர் எழுமாற்று எண்ணைத் தெரிவுசெய்கின்றது. திரையிற் சுழலும் படங்கள் அவ்வெண்ணைக் கண்ணுக்குக் காட்டும் அலங்காரமே. பந்தயத் தொகை இத்தெரிவிற் பங்குகொள்வதில்லை; பரிசு விழுந்தால் அதனை எத்தனையாற் பெருக்குவது என்பதை மட்டுமே அது நிர்ணயிக்கின்றது. விளைவுகள் எழுமாற்றானவையாக இருத்தல் வேண்டும் என்பது பிரித்தானியச் சூதாட்ட ஆணைக்குழுவின் தொழினுட்ப நியமங்களில் அடிப்படையான ஒன்று. ஆயினும் பொதுமக்களின் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பிரித்தானிய மதுச்சாலைகளில் இருந்த பழைய 'பழப் பொறிகள்' பல, தாம் ஏற்கெனவே கொடுத்த பரிசுகளைக் கணக்கிற் கொண்டு பின்வரும் வாய்ப்புகளைத் திருத்திக்கொள்ளும் வகையில் அமைந்திருந்தன. அப்பொறிகளோடு பழகியவர்கள் இணையவழிப் பொறிக்கும் ஒரு மனமும் ஒரு கணக்கேடும் உண்டென நம்புவதில் வியப்பில்லை.

நெவாடா மாநிலத்துச் சூதாட்ட மண்டபங்களை நோக்கினால் நிலைமை தலைகீழாகத் தோன்றும். அங்கு வெளியிடப்படும் வருமான அறிக்கைகளின்படி, ஒரு சதப் பொறிகள் ஆடுவோரிடமிருந்து பிடித்துக்கொள்ளும் பங்கு ஒரு டொலர்ப் பொறிகள் பிடித்துக்கொள்ளும் பங்கிலும் கூடியது. அதாவது, ஆட்டம் என்னும் பண்டத்தைச் சிறுகச் சிறுக வாங்குபவனே கூடிய விலை கொடுக்கின்றான். சீனியை இறாத்தல் கணக்கில் வாங்குபவனுக்கும் மூடைக் கணக்கில் வாங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு அது. இணையவழிப் பொறிகள் பெரும்பாலானவற்றில் இவ்வேறுபாடு கிடையாது: இருபது பென்ஸ் வைத்தாலும் இருபது பவுண் வைத்தாலும் மீளளிப்பு 96 வீதம் என்றால் 96 வீதமே.

இருப்பினும் ஓரிடத்திற் பெருந்தொகை ஆட்டக்காரனின் முறைப்பாடு செல்லுபடியாகும். பல விளையாட்டுகளில் ஒரு சுழற்சிக்குரிய உச்சப் பரிசு பணத்தொகையாக வரையறுக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, ஒரு விளையாட்டின் அதியுயர் பரிசு பந்தயத்தின் 5,000 மடங்கு எனவும், அது பத்து இலட்சத்துக்கு ஒருமுறை விழும் எனவும், வரையறை 250,000 பவுண் எனவும் கொள்வோம். ஒரு பவுண் வைத்தவன் 5,000 பவுணை முழுமையாகப் பெறுவான். நூறு பவுண் வைத்தவனுக்குரிய 500,000 பவுணிற் பாதி வெட்டப்படும். மொத்த மீளளிப்பில் அப்பரிசின் பங்கு அரை வீதம். அதிற் பாதி போய்விட, விதிகளிற் கூறப்பட்ட 96 வீதம் அவனுக்கு 95.75 வீதமாகின்றது. இழப்புச் சிறிதுதான். ஆயினும் ஒருவனுக்கு உண்மையான கூற்று மற்றவனுக்குப் பொய்யாகின்றது, பொய்யானமை சொல்லப்படுவதுமில்லை. இது வஞ்சனையன்று எனக் கூறுவது கடினம்.

திரண்டு பெருகும் பரிசுத்தொகைகளை உடைய விளையாட்டுகள் சிலவற்றில் இச்சிக்கல் வேறுவிதமாகத் தீர்க்கப்படுகின்றது. அங்கு பரிசு எல்லோருக்கும் ஒன்றே; அதை அடையும் வாய்ப்பு மாத்திரம் பந்தயத்துக்கேற்பக் கூடும். 2015இல் 25 பென்ஸ் வைத்த பிரித்தானியப் போர்வீரர் ஒருவர் 13 மில்லியன் பவுணுக்கு மேல் வென்றார். ஏனையோரின் பெரும் பந்தயங்களும் சேர்ந்தே அப்பரிசைத் திரட்டின என்பது உண்மை. எனினும் அவர்களது வாய்ப்பும் அந்த அளவுக்குக் கூடியதாகவே இருந்தது.

இனி இரண்டாவது வினா. விகித ஒப்புமையே நீதி என்பது அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியலின் ஐந்தாம் நூலில் விளக்கிய கருத்து. அதன்படி நோக்கின், பரிசு வரையறை இல்லாத பொறி நீதியுடையதே: பங்குக்கேற்ற பேறு, பங்குக்கேற்ற இழப்பு. ஆனால் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில், நடைமுறை மட்டுமே விளைவை நியாயமாக்கும் நிலைக்குச் சூதாட்டத்தையே உதாரணமாக எடுத்தாண்டபோது ஒரு நிபந்தனையை விதித்தார். பந்தயங்கள் நியாயமானவையாக இருத்தல் வேண்டும். அதாவது எதிர்பார்க்கப்படும் ஆதாயம் பூச்சியமாதல் வேண்டும். எந்த ஸ்லொட் பொறியும் இந்நிபந்தனையை நிறைவேற்றுவதில்லை. மணிக்கு 500 சுழற்சிகள் ஆடுபவன் ஒரு பவுண் வீதம் வைத்தாற் சராசரியாக 20 பவுணும், இருபது பவுண் வீதம் வைத்தால் 400 பவுணும் இழப்பான். விகிதம் ஒன்றே, நியாயமின்மையும் இருவருக்கும் ஒரே அளவிற் பகிரப்பட்டிருக்கின்றது. சமமாகப் பகிர்ந்தமையால் அது நியாயமாகிவிடுமா?

டானியல் பேர்ணூலி 1738இல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பணத்தின் பயன்பாடு அதனை உடையவனின் செல்வத்தைப் பொறுத்தது. ஆகவே கணிதப்படி நியாயமான சூதில்கூட இரு தரப்பாரும் பயன்பாட்டில் இழக்கின்றனர் என்பது அவர் வாதம். இதன்படி, செல்வத்தின் எத்தனையாவது பங்கு பணயத்தில் நிற்கின்றது என்பதே முக்கியமாகும். செல்வந்தனின் நூறு பவுணிலும் கூலியாளின் ஐந்து பவுண் பெரும் பந்தயமாதல் கூடும். பொறியோ தொகையை மட்டும் காண்கின்றது, ஆளைக் காண்பதில்லை. வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்திலே காய்களின் நேர்மையை ஆராயாமல் ஆடுபவனுக்கு நேரும் கேட்டையே ஆராய்ந்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

பொறி காணாவிடினும் அதனை நடத்தும் நிறுவனம் ஆளை நன்கு காண்கின்றது. பெருந்தொகை ஆட்டக்காரருக்குத் தனிப்பட்ட உபசரணையாளர், அன்பளிப்பு, விருந்து என்பன வழங்கப்படுவதுண்டு. இவ்வன்பளிப்புகள் அவர்களது எதிர்பார்க்கப்படும் இழப்பிலிருந்து ஒரு சிறு பகுதி திருப்பிக் கொடுக்கப்படுவதேயாகும். அவன் எழுந்து போகாதிருத்தலே அவற்றின் நோக்கம். 2020 ஒக்ரோபரிற் பிரித்தானிய ஆணைக்குழு, ஒருவரை இத்தகைய சிறப்பு வாடிக்கையாளராக்குவதற்கு முன்னர் அவரது செலவு அவரால் தாங்கக்கூடியதா என ஆராய்தல் வேண்டுமெனக் கட்டளையிட்டது. சமத்துவமற்ற நடத்துகை உண்மையில் நிகழ்வது சுழலும் படங்களில் அன்று, இவ்வுபசரணையிலேயே எனலாம்.

2025 ஏப்ரிலில் பிரித்தானியச் சட்டம் இணையவழி ஸ்லொட் பொறிகளின் பந்தயத்தைச் சுழற்சிக்கு 5 பவுணாகவும், மே மாதத்தில் 18 முதல் 24 வயது வரையானோருக்கு 2 பவுணாகவும் மட்டுப்படுத்தியது. இது தன்னுரிமையில் தலையீடு என்பார் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. தாங்கக்கூடிய செல்வந்தனும் இவ்வரம்புக்குள் அடங்குகின்றான். ஆயினும் முற்கூறிய 5,000 மடங்குப் பரிசு இன்று 25,000 பவுணையே எட்டும். 250,000 பவுண் வரையறை எவரையும் வெட்டாது. வரம்பை மீறி ஆட விரும்புவோருக்கு அனுமதிப்பத்திரமற்ற தளங்கள் திறந்தே கிடக்கின்றன. அங்கே பொறி கையை மூடிக்கொண்டதாக ஒருவன் முறையிட்டால், அம்முறைப்பாட்டைச் சோதித்துப் பார்க்க அவனிடம் எந்த வழியும் இல்லை.