எளிமை யாருடைய சுமையைக் குறைக்கிறது?

ஒரு பக்கத்தில் எதனை வைப்பது, எதனை நீக்குவது என்னும் வினா முதல் நோக்கில் அழகியலுக்கு மட்டுமே உரியதாகத் தோன்றும். அச்சுக் கலைஞரும் ஓவியரும் தம்முள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயத்தில் அறவியலுக்கு என்ன இடம் என்று கேட்போரும் உளர். ஆயின், மாணவர் பரீட்சைப் பெறுபேற்றை அறிவதும், நோயாளர் வைத்தியரைக் காண நேரம் பெறுவதும், குடிமக்கள் அரசுக்கு விண்ணப்பம் செய்வதும் கணனித் திரையிற் காணும் ஒரு பக்கத்தின் வழியாக நிகழும் இக்காலத்தில், அப்பக்கத்தை அமைப்பவர் பிறருடைய நேரத்தின் மீதும் கவனத்தின் மீதும் அதிகாரம் பெற்றவராகின்றார். அதிகாரம் உள்ள இடத்தில் அறவினாவும் உண்டு.

இணையத்தள வடிவமைப்பாளரிடையே இன்று செல்வாக்குப் பெற்றுள்ள கொள்கை 'மினிமலிசம்' என்பதாகும். இக்கட்டுரையில் அதனை எளிமைக் கொள்கை என்று வழங்குவேன். அதன் நெறிகள் சிலவே: தேவையற்றதை நீக்குக, வெற்றிடத்தை அஞ்சாது விடுக, நிறங்களையும் எழுத்துருக்களையும் ஒன்றிரண்டாகக் குறைக்குக, ஒரு பக்கம் ஒரு காரியத்தையே செய்யட்டும். 1991இல் ரிம் பேர்னர்ஸ்-லீ ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ண் ஆய்வுகூடத்திலிருந்து வெளியிட்ட முதலாவது இணையத்தளம் வெறும் எழுத்தும் இணைப்புகளுமாகவே இருந்தது. அது கொள்கையால் எளிமையானதன்று. வேறு வழியின்மையால் எளிமையானது. வழிகள் பெருகி, மினுங்கும் எழுத்துக்களும் அசையும் படங்களும் பக்கங்களை நிறைத்த பின்பே குறைத்தல் ஒரு தெரிவாயிற்று. தெரிவு என்றான பின்பே ஒன்றைப் புகழவோ பழிக்கவோ இடமுண்டு.

குறைத்தலை அறமாகவே உயர்த்திப் பேசியவருள் முன்னோடி வியன்னா நகரக் கட்டடக் கலைஞர் அடொல்வ் லூஸ் ஆவார். அலங்காரத்தைக் குற்றத்தோடு இணைத்து 1910இல் அவர் ஆற்றிய உரை பெரிதும் அறியப்பட்டது. அலங்காரம் தொழிலாளியின் உழைப்பை விரயமாக்குகின்றது என்ற அவரது வாதத்தில் வலுவுண்டு. ஆயினும் அதே மூச்சில், பப்புவா மக்களின் பச்சை குத்தும் வழக்கத்தை நாகரிகத்தின் கீழ்ப்படிக்குரிய அடையாளமாகவும் அவர் காட்டினார். கோபுரத்தையும் கோலத்தையும் கண்டு வளர்ந்த நாம் இவ்வாதத்தின் முதற்பாதியை ஏற்று மறுபாதியை விலக்குவதே தகும். அலங்காரம் தன்னளவிற் குற்றமன்று. பிறருடைய உழைப்பு வீணாகின்றதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இக்கேள்வியைக் கணனித்துறையிற் கூர்மையாக்கியவர் லறி ரெஸ்லர். செரொக்ஸ், அப்பிள் ஆகிய நிறுவனங்களிற் பணியாற்றிய இவர், 1980களில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு காரியத்திலும் குறைக்கவியலாத ஒரு சிக்கல் உண்டு. அதனை அழிக்க முடியாது, ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் மாற்ற மட்டுமே முடியும் என்பது அதன் சாரம். பொறியியலாளர் சுமக்காத சிக்கலைப் பயன்படுத்துபவர் சுமக்க நேரிடும். பத்து இலட்சம் பேர் பயன்படுத்தும் ஒரு பக்கம் ஒவ்வொருவரிடமும் ஒரு நிமிடத்தை வீணே பறிக்குமாயின், மொத்த இழப்பு ஏறத்தாழ 16,667 மணித்தியாலங்கள். அதாவது இரவு பகலாக 694 நாட்கள். அதனைத் தவிர்க்க ஒருவர் ஒரு வாரம் கூடுதலாக உழைப்பது பெரிதன்று.

தமிழ் படிப்போருக்கு இவ்வுண்மை புதிதன்று. ஏட்டுச் சுவடிகளை நினைவுகூர்க. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடுத்தப்படவில்லை. சொற்களுக்கிடையில் இடைவெளியும் இல்லை. பார்வைக்கு இதனைவிடச் சிக்கனமான பக்கம் உலகில் அரிது. ஆனால், ஓலையும் எழுதுவோனும் விட்டுவிட்ட அனைத்தையும் படிப்போன் தன் அறிவிலிருந்து இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. குருவிடம் பாடங்கேட்டவனுக்கு அது இயலும். ஏனையோருக்குச் சுவடி மூடிய கதவே. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பட்ட பாட்டிற் பெரும்பகுதி, இவ்வாறு விடுபட்டவற்றை மீட்டுத் தருவதிலேயே கழிந்தது. ஆறுமுக நாவலர் தம் உரைநடையிற் சந்தியைப் பிரித்தும் நிறுத்தக் குறிகளை இட்டும் அச்சிட்டபோது பக்கத்தில் அடையாளங்கள் கூடின. படிப்போரின் பாரம் குறைந்தது. கண்ணுக்குக் குறைவாகத் தெரிவது வேறு, மனத்துக்குக் குறைவாக இருப்பது வேறு. எளிமைக் கொள்கையினர் பலர் முன்னதைப் பின்னதாக மயங்குகின்றனர் என்பதே என் கருத்து.

மயங்காதோரும் உளர். பிரித்தானிய அரசு தன் திணைக்களங்களின் இணையத்தளங்களை ஒன்றாக்கி 2012 ஒக்டோபரில் வெளியிட்ட பொதுத்தளம் இதற்குத் தக்க சான்று. நிறங்கள் சில, எழுத்துரு ஒன்று, அமைச்சரின் புன்னகைப் படத்துக்கு முகப்பில் இடமில்லை. பொது விடுமுறை நாட்களைக் கூறும் பக்கத்தைத் திறப்பவர் முதலிற் காண்பது அடுத்த விடுமுறையின் திகதியையே. அது பெரிய எழுத்தில் உள்ளது. வந்தவருட் பெரும்பாலார் அறிய விரும்புவது அதுதான் என்பதை யாரோ ஒருவர் இருந்து சிந்தித்திருக்கிறார். ஆயினும் அப்பக்கம் முற்றும் ஒரே பட்டியலாகக் குறைக்கப்படவில்லை. இங்கிலாந்தும் வேல்சும் ஒன்றாக, ஸ்கொட்லாந்து தனியாக, வட அயர்லாந்து தனியாக என மூன்று பட்டியல்கள் உள்ளன. ஏனெனில் விடுமுறைகள் உண்மையில் வேறுபடுகின்றன. உலகில் உள்ள வேறுபாட்டைப் பக்கத்தின் அழகுக்காக அழிப்பது எளிமையன்று, பொய். மூன்று மொழிகளில் மக்களுடன் பேசவேண்டிய நம் நாட்டில் மொழித் தெரிவை ஒரு மூலையிற் சிறு குறியாக ஒடுக்கும் வடிவமைப்பாளர் இதனைச் சிந்திப்பாராக.

அத்தளத்தை ஆக்கியோர் வகுத்த நெறிகளுள் ஒன்று, எளிதாக்கும் கடின வேலையை ஆக்குவோரே செய்தல் வேண்டும் என்பதாகும். அதே பட்டியலில், அரசு குறைவாகச் செய்க என்னும் நெறியும் உண்டு. செலவுக் குறைப்பில் முனைந்திருந்த ஓர் அரசின் காலத்தில் இது வந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், திரையில் ஒரு பொத்தானைக் குறைப்பதும், அலுவலகத்தில் ஓர் எழுதுவினைஞரைக் குறைத்து அவர் வேலையை விண்ணப்பதாரியின் தலையிற் கட்டுவதும் ஒரே சொல்லால் அழைக்கப்படும்போது நாம் விழிப்பாயிருத்தல் நன்று.

மறைத்தலைக் குறைத்தலாகக் காட்டும் வழக்கம் இன்று மிகுதி. கைத்தொலைபேசித் திரையின் மூலையில் மூன்று கிடைக்கோடுகள் காணப்படுகின்றன அல்லவா? 1981இல் வெளிவந்த செரொக்ஸ் ஸ்ரார் கணனிக்காக நோம் கொக்ஸ் என்பவர் வரைந்த குறி அது. சிறிய திரைக்கு அது பயனுடையது. விசாலமான கணனித் திரையிலும் பட்டியல் முழுவதையும் அக்கோடுகளுக்குள் புதைத்துவிட்டுப் பக்கம் தூய்மையாயிற்று என மகிழ்வோர், எதனையும் நீக்கவில்லை. தேடும் வேலையை வந்தவரிடம் ஒப்படைத்துள்ளனர். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிற எழுத்தும் இத்தகையதே. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி விகிதம் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற அளவிலாவது இருத்தல் வேண்டும் என 2008ஆம் ஆண்டின் சர்வதேச அணுகல் வழிகாட்டி விதந்துரைத்தது. இருபது வயதுக் கண்கள் இவ்விதியை உணர்வதில்லை. அறுபது வயதுக் கண்களே உணரும்.

இனி, திரைக்குப் பின்னாலும் நோக்குதல் வேண்டும். வெள்ளை வெளியில் நான்கு வரிகள் கொண்ட பக்கம், கண்ணுக்குத் தெரியாத நிரல்களாற் பல மெகாபைற்றுக்களாகப் பருத்திருக்கக் கூடும். தரவுக்குக் காசு கொடுத்து நாளுக்கு நாள் மீள்நிரப்பிக்கொள்பவனின் பையிலிருந்தே அப்பருமனுக்கான விலை செல்கின்றது. துறவியின் கோலத்தில் வந்த செல்வந்தன் எனலாம்.

எளிமை எப்பக்கம் சாய்கின்றது என்பதும் ஒரு கேள்வி. 2023இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அமேசன் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அதன் சந்தாவிற் சேர்வது மிக இலகுவாகவும் விலகுவது பல பக்கங்களைக் கடக்கும் நெடும் பயணமாகவும் அமைக்கப்பட்டிருந்தது எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2025இல் அந்நிறுவனம் குற்றத்தை ஏற்காமலே 2.5 பில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. தீர்ப்பு எதுவாயினும், சேரும் வழியை நேராக்கத் தெரிந்த கை, விலகும் வழியையும் நேராக்க அறியாததன்று. திறமை இருந்தும் ஒருபுறத்துக்கு மட்டுமே அது வழங்கப்படுமாயின் அதனை வடிவமைப்புக் குறையென்று சொல்லி விடமுடியாது.

இவ்வளவும் எளிமைக் கொள்கையின் போலிகளுக்கு எதிரான வாதங்கள். உண்மையான எளிமைக்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. அதனை முன்வைத்தவர் அக்கொள்கையின் மூலவருள் ஒருவர் என்பது வியப்பு. யேர்மனியரான யான் சிக்கோல்ட் 1928இல் புதிய அச்சமைப்புப் பற்றி எழுதிய நூல், அலங்காரத்தையும் சமச்சீரையும் ஒதுக்கிய வடிவமைப்பாளருக்கு வேதம் போலாயிற்று. 1933இல் நாசிகள் அவரைச் சிறையிட்டனர். பின்னர் அவர் சுவிற்சர்லாந்துக்குத் தப்பினார். அங்கிருந்து தம் பழைய கோட்பாட்டைத் திரும்பிப் பார்த்தவர், 1946இல் மக்ஸ் பில்லுடன் நிகழ்த்திய விவாதத்தில், தம் கோட்பாட்டின் விட்டுக்கொடாத போக்குக்கும் தம்மைத் துரத்திய ஆட்சியின் மனப்பாங்குக்கும் உறவு உண்டு என்றே கூறினார். பின்னர் பென்குயின் நூல்களுக்கு அவர் அமைத்த பக்கங்கள் பழைய மரபைத் தழுவியவை. இவ்வொப்பீடு மிகை என்றே நான் எண்ணுகிறேன். ஒரு பக்கத்தின் ஓரத்தை வெறுமையாக விடுவது கொடுங்கோன்மை ஆகாது. ஆயினும் அவர் தொட்ட இடம் சரியானது. 'இது தேவையற்றது' என்று ஒருவர் தீர்மானிக்கும்போது, யாருக்குத் தேவையற்றது என்னும் சொல் அங்கு விழுங்கப்படுகின்றது.

தமிழ்ப் பக்கங்களில் இது வெளிப்படையாகவே தெரிகின்றது. தமிழ் எழுத்துக்கள் யூனிக்கோட் குறிமுறையின் முதற் பதிப்பிலேயே, 1991இல், இடம்பெற்றன. எனினும் பக்கங்களின் அளவுகள் இன்றும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை நினைந்தே வகுக்கப்படுகின்றன. ஆங்கிலத்தின் குறுஞ்சொல்லுக்கு வெட்டிய பொத்தானில் 'பதிவிறக்குக' என்பது அடங்காமல் இறுதி எழுத்தை இழக்கும். ஆங்கிலத்துக்குக் கச்சிதமான வரி இடைவெளியில், மேலே ஏறும் விசிறியும் கீழே இறங்கும் சுழியும் ஒன்றையொன்று முட்டும். சில பக்கங்களில் வரியின் மேல்விளிம்பு வெட்டுண்டு மெய்யெழுத்துக்கள் தம் புள்ளியை இழக்கின்றன. 'பட்டம்' என்பது 'படடம' எனத் திரையில் நிற்கின்றது. ஓலையில் எழுதியவனுக்கு ஓலை கிழியும் என்ற காரணமேனும் இருந்தது.