இருபத்தொரு நாள் கணக்கு



புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கினால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "இருபத்தொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடு, அப்புறம் தானாக வந்துவிடும்." நாமும் அதை நம்பி விடியற்காலையில் நடக்கக் கிளம்புகிறோம். மூன்று வாரம் முடிகிறது. மறுநாள் அலாரம் அடித்தால், கை போர்வையைத்தான் இழுக்கிறது. நமக்கு மன உறுதி போதாது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள், கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்பதைக் கவனித்தார். 1960இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அதை எழுதினார். அது வாய்மாறி வாய்மாறி, எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் போதும் என்று ஆகிவிட்டது.

உண்மையில் எத்தனை நாள் ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்று ஆளுக்கொரு பழக்கத்தைத் தேர்ந்துகொண்டார்கள். யோசிக்காமலே செய்கிற நிலை சிலருக்குச் சீக்கிரமே வந்தது. மிகக் குறைந்தது 18 நாள். இன்னொரு கோடியில், ஒருவர் போகிற வேகத்துக்கு 254 நாளாகும் என்று கணக்கு வந்தது. நடுவே நின்ற எண் 66. தண்ணீர் குடிப்பது போன்றவை எளிதில் படிந்தன. உடற்பயிற்சி இழுத்தடித்தது. ஆக, மூன்று வாரத்தில் வராதது உங்கள் குறையல்ல. எடுத்துக்கொண்ட வேலை அப்படி.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் சில வாரங்களில் பழக்கம் வேகமாக ஊறுகிறது. போகப் போக அந்த வேகம் குறைகிறது. நாற்பதாம் நாள் செய்ததற்கும் நாற்பத்தொன்றாம் நாள் செய்ததற்கும் வித்தியாசமே தெரியாது. ஆரம்ப சூரத்தனம் என்று நாம் கேலி செய்வோமே, அது அடங்கும் இடம் இதுதான். முன்னேற்றம் நின்றுவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறோம். அது நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. சித்த வைத்தியர் ஒரு மண்டலம், 48 நாள், மருந்து சாப்பிடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறோம். நம் சொந்த முயற்சிக்குத்தான் அந்தத் தவணையைத் தர மனம் வருவதில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால்? ஊரில் கல்யாணம், வீட்டில் காய்ச்சல், ராத்திரிப் பயணம், எதுவாகவும் இருக்கலாம். ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. கெடுப்பது, "போச்சு, எல்லாம் போச்சு" என்று மறுநாளையும் சேர்த்துக் கைகழுவுவதுதான்.

எனவே நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, இடத்தைப் பிடியுங்கள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு புதியதைச் சேர்த்துவிடுங்கள். காப்பி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் பத்துப் பக்கம் படிப்பது. மாலையில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது. சிறியதாக இருக்கட்டும், அதே வேலையின் வாலைப் பிடித்து வரட்டும். "இன்றைக்குச் செய்யலாமா, வேண்டாமா?" என்று மனத்தோடு தினமும் பேரம் பேசும் தொல்லை மெல்லக் குறையும். அப்படிக் குறைவதுதான் பழக்கம் படிகிறது என்பதற்கு அடையாளம். எடை குறைந்ததா, மதிப்பெண் ஏறியதா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று விட்டுப்போயிருந்தால் இன்று தொடருங்கள்.