வெள்ளையடித்த சுவர்

என் தங்கை மகனுக்குச் சினிமாப் பைத்தியம். பத்து நிமிஷக் குறும்படம் ஒன்று எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, மூன்று சிநேகிதர்களுடன் கும்பகோணத்தில் வந்து இறங்கினான். சாமான் என்று பார்த்தால் இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு தெர்மோகோல் பலகை, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு.

"வெளிச்சத்துக்கு இவ்வளவுதானா?" என்றேன்.

"சுப்ரத மித்ராவுக்கு வெள்ளைத் துணி போதவில்லையா, மாமா?" என்றான்.

அது நியாயந்தான். 1956-இல் வெளிவந்த சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ'வில் வரும் காசி வீட்டு முற்றம் காசியில் இல்லை. கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். ஒளிப்பதிவாளர் மித்ரா அதற்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன் மீது அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், வானத்திலிருந்து வருவதுபோல மெத்தென்று இறங்கியது. பொய்தான். ஆனால் அந்தப் பொய்யினால் யாருக்கும் நஷ்டமில்லை.

எங்கள் ஊரில் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அடுத்த தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் சமையலறையைப் பையன் பிடித்திருந்தான். நாற்பது வருஷ விறகடுப்புப் புகை ஏறிய சுவர். பாதிக் கதையை அதுவே சொல்லிவிடும் என்று சொல்லி மயங்கினான். முன்பணமாக 500 ரூபாயும் கொடுத்தான்.

மறுநாள் போய்ப் பார்த்தால் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது! பாட்டி அந்த 500 ரூபாய்க்குச் சுண்ணாம்பு வாங்கித் தன் கையாலேயே அடித்திருக்கிறாள்.

"என்ன பாட்டி இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தக் கரிக்காகத்தானே வந்தோம்!"

"நாலு பேர் பார்க்கிற படம்னு சொன்னியே, தம்பி. விளக்குப் போட்டு என் வீட்டுக் கரியையா காட்டுவே?"

கரித்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசிவிடலாம் என்றான் ஒரு சிநேகிதன். பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் முதல் நாவலில் உறவினர் ஒருவரின் கிழிந்த பனியனை அரைப் பக்கம் வர்ணித்தேன். அது தெரியாமலிருக்க அவர் துண்டைப் போர்த்திக்கொள்வதையும் விடவில்லை. யதார்த்தம் என்று பாராட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. வறுமையை மறைப்பது பொய் என்கிறோம், சரி. வறியவரே அதை மறைத்துக்கொள்ளும்போது, விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைய நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? இப்படியே கூசிக்கொண்டிருந்தால் கரியைப் பற்றி எவன்தான் எழுதுவான் என்றும் தோன்றுகிறது. இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு இதில் தெளிவு வரவில்லை.

பையனுக்கு யோசிக்க நேரமில்லை. நடிக்க வந்த அம்மாள் மாலை பஸ்ஸில் திரும்பியாக வேண்டும். ஜன்னலைக் கம்பளியால் மூடினான். ஆறடி தள்ளியிருந்த விளக்கை அந்த அம்மாளின் முகத்துக்கு மூன்றடியில் கொண்டுவந்தான். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும். பின்னால் தள்ளியிருக்கும் சுவருக்கு அந்த அளவு ஏறாது. முகத்துக்கு ஏற்றபடி காமிராவின் கண்ணைச் சுருக்கியதும் சுவர் இருட்டில் போய்விட்டது. கரியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. யாரையும் புண்படுத்தாத வழி என்று நானும் அவன் முதுகில் தட்டினேன்.

படம் முடிந்ததும் பாட்டியைக் கூப்பிட்டு லாப்டாப்பில் போட்டுக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. நான் அடிச்ச சுவரைத்தான் காணோம்" என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான்.