குளிரும் கூலியும்

ஏப்ரலில் ஊட்டிக்குப் போனால் யாருக்கும் வரும் ஆசைதான்: இங்கேயே குடியேறிவிட்டால் என்ன? சுமார் 2,240 மீட்டர் உயரம்; மின்விசிறிச் செலவே இல்லை. ஜூலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். துவைத்த துணி நாலு நாளாகியும் காயாது. சீசன் முடிந்ததும் விடுதிகளில் வேலை சுருங்கிவிடும். மிஞ்சுவது தேயிலையும் காய்கறித் தோட்டமும். மலையில் பிறந்த பிள்ளைகளே வேலை தேடிக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்குகிறார்கள். திருப்பூரில் வெயில் கொளுத்தும். ஆனால் பனியன் கம்பெனி வாசல்களில் ‘ஆட்கள் தேவை’ அட்டை தொங்கும்.

ஊர் மாறும் எண்ணமிருந்தால், அந்த ஊரின் மோசமான மாதத்தில் ஒரு வாரம் தங்கி வேலை கேட்டுப் பாருங்கள். மூட்டுவலிக்கார அம்மாவும் கூட வருவதானால், அந்த ஒரு வாரத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.