நடந்த கால்களும் நிறுத்திய கார்களும்



அகதிகளாய் வந்த எம்மில் பலருக்கு அபிவிருத்தி என்றால் முதலில் கண்முன் வருவது கார்தான். கார் வாங்கியவர் முன்னேறியவர். குளிரில் பஸ்ஸுக்கு நிற்பவர் இன்னும் முன்னேறாதவர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கோ வேறு. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் பலவற்றுக்கு, மனிதர் நடப்பதும் சைக்கிள் ஓடுவதும் விளையாடுவதும் துணைசெய்யும் என்று கூறி 2018இல் அது ஒரு செயற்திட்டமே வெளியிட்டது. உடலை அசைக்காதோர் விகிதத்தை 2030க்குள் 15 வீதத்தால் குறைப்பது அதன் நோக்கம். 2022 நிலவரப்படி உலகில் வயதுவந்தோரில் 31 வீதத்தினர், ஏறத்தாழ 180 கோடிப் பேர், போதிய அளவு அசைவதில்லை.

இதை வாசித்தபோது எமக்குச் சிரிப்பும் வந்தது. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்றவர்களுக்கு, ஆசிரியை முதல் அப்புக்காத்து வரை, சைக்கிள்தான். பற்றரியும் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்தோடு நாமும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். அந்த வருடங்களில் நாம் வானத்துக்கு விட்ட புகை மிகக் குறைவு. அதற்காக எம்மை யாராவது மெச்சலாமா? வேறு வழியின்றி நடந்த நடையில் அறம் எங்கே இருக்கிறது?

தெரிவு இருக்கும்போது செய்வதுதான் நற்செயல் என்றால், எமக்குத் தெரிவு கிடைத்தது மொன்றியலில்தான். அதுவும் எல்லாருக்கும் கிடைத்ததென்று சொல்லமுடியாது. உணவகத்தில் பத்து மணித்தியாலம் நின்று பாத்திரம் கழுவியவரிடம் போய், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்பது அவமதிப்பு. ஆனால் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் கோட் டே நேஜிலும் வாடகைக்கு இருந்தபோது கடைக்கும் மெற்றோவுக்கும் நடந்த நாமே, வீடு வாங்கிப் புறநகர் போனபின் பால் வாங்கவும் காரை எடுக்கிறோம். ஊரில் நல்லூருக்குச் சைக்கிளில் போய்வந்த அம்மா, இங்கே மகன் வேலையால் வரும்வரை யன்னலோரம் இருக்கிறார். நீரிழிவு மாத்திரைகள் கூடுகின்றன. தெற்காசியரான எமக்கு அந்நோய் இலகுவில் வரும் என்பதை வைத்தியர்கள் சொல்லிக் களைத்துவிட்டார்கள். பெற்றோல் தடையிலும் தன் எண்ணப்படி வெளியே போன ஒருவர், பெற்றோல் தாராளமாயுள்ள நாட்டில் வாசற்படி தாண்ட இன்னொருவரைக் காத்திருக்கிறார். இதை முன்னேற்றம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

கணக்கென்றால் எமக்கு ஒன்று நினைவுக்கு வரும். இந்நகரம் 1976இல் ஒலிம்பிக் நடத்தியது. பட்ட கடன் தீர்ந்தது 30 வருடம் கழித்து, 2006இல். அதை அடைக்கக் கைகொடுத்தது புகையிலை மீதான விசேட வரி! புகைத்தவர் காசில் விளையாட்டரங்கு. (ஐந்தொகையில் இதை எந்தப் பக்கம் போடுவதென்று எமக்கு இன்றும் விளங்கவில்லை.) 2009இல் தொடங்கிய பிக்சி வாடகைச் சைக்கிள் அவ்வளவு ஆரவாரமின்றி வந்தது, 2023 முதல் அதன் ஒரு பகுதி குளிர்காலத்திலும் ஓடுகிறது. சென் டெனி வீதியில் 2020இல் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டபோது வியாபாரிகள் சிலர் எதிர்த்தார்கள். பாதை வந்ததும் ஆட்கள் சைக்கிளில் ஏறினார்கள். ஆகவே சோம்பல் என்று தனிமனிதரை மட்டும் குறைசொல்வது நியாயமாகப் படவில்லை; வீதியை யாருக்காகப் போடுகிறோம் என்பதிலும் அறம் இருக்கிறது.

எமது அடுத்த பொதுக்கூட்டத்தில் வாகனத் தரிப்பிடம் போதாது என்ற பேச்சு வழமைபோல் வரும். பஸ் தரிப்பிலிருந்து கோயில் வாசல்வரை முதியவர்கள் வழுக்காமல் நடக்கப் பனி அள்ளப்படுகிறதா என்றும் அங்கே ஒருவர் கேட்கவேண்டும். நாம் கேட்பதாக இருக்கிறோம். கூட்டத்துக்கு நாம் வருவதும் காரில்தான் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம்.